பார்வைக்குள் இருந்தவள்

கொட்டாஞ்சேனையில் நான் வேலை செய்யும் சரக்கு அனுப்பும் கம்பனிக்கு ஒரு பல்கலைக்கழக மாணவி ஆராய்ச்சிக்காக வந்தாள். நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களில் திறமைசாலிகளை எப்படிக் கண்டுபிடித்து வளர்க்கின்றன என்பதுதான் அவளுடைய தலைப்பு. வெள்ளவத்தையில் என் வீட்டு மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள். மாலையில் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். நான் அதிகம் கதைப்பதில்லை. அவள்தான் கதைப்பாள்.

வெளிநாடுகளில் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்களாம். ஆனாலும் திறமை என்றால் என்ன என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லையாம். எல்லோரிடமும் இருப்பதா, சிலரிடம் மட்டும் இருப்பதா என்றே வாதாடுகிறார்களாம். தெரிவு செய்த ஆளிடம் அதைச் சொல்வதா, மறைப்பதா என்பதற்கும் முடிவில்லை என்றாள். எங்கள் கம்பனி மறைத்தது.

அது எனக்கு அப்போது தெரியாது. என் பக்கத்து மேசைப் பெண்ணுக்கு ஏதோ நடக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. அவள் தேநீர் அறைக்குள் நுழைந்தால் அங்கே கதை நின்றுவிடும். முகாமையாளர் தன் கண்ணாடி அறைக்குள் இருந்து அவளையே பார்ப்பார். காரணம் சொல்லாமல் ஒவ்வொரு பிரிவின் வேலையாக அவளுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். பிழை விட்டாலும் ஒருவரும் ஏசவில்லை. மெல்லிய குரலில் பரவாயில்லை என்றார்கள்.

"அக்கா, சாகப்போற ஆளப் பாக்கிற மாதிரியெல்லோ என்னப் பாக்கினம்," என்றாள். வேலையால் நிறுத்தப்போகிறார்கள் என்று நம்பினாள். அதற்கு முன் தானே விலகிவிட நினைத்தாள். தகப்பன் படுக்கையில். அவளுடைய சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

அன்று பஸ்ஸில் மாணவியிடம் இதைச் சொன்னேன். அவள் முகம் வெளிறியது. "போகப்போறாவா? அவவத்தானே..." என்று தொடங்கி வாயை மூடிக்கொண்டாள். தெரிவானவர்கள் யாரென்று வெளியில் சொல்வதில்லை என்று கம்பனிக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். இறங்கும்வரை ஜன்னல் பக்கமே பார்த்திருந்தாள். எனக்கு விளங்கிவிட்டது.

மறுநாள் மத்தியானம் துணிவை வரவழைத்துப் பக்கத்து மேசைப் பெண்ணிடம் சொன்னேன், அவளை நிறுத்தவில்லை, மேலே கொண்டுபோகத்தான் பார்க்கிறார்கள் என்று. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். சோற்றுக் கையோடு அப்படியே இருந்தாள்.

"அப்ப இவ்வளவு நாளும் எல்லாரும் பாத்துக்கொண்டுதான் இருந்தவையா? இனியும் பாப்பினம் என்ன?"

பின்னேரமே விலகிவிட்டாள். தெஹிவளையில் ஒரு புடவைக்கடையில் குறைந்த சம்பளத்துக்கு நிற்கிறாள்.

அடுத்த வாரம் முகாமையாளர் என் மேசைக்கு வந்தார். "நீங்க இனி அந்தக் கதிரையில இருங்கோ," என்றார். அவரிடம் அவ்வளவு மெல்லிய குரலை நான் கேட்டதில்லை. அவள் விட்டுப்போன பக்கத்து மேசைக்கு மாறி இருந்தேன். அங்கிருந்து கண்ணாடி அறை முழுவதும் தெரிந்தது. உள்ளே மூன்று பேர் என் பக்கம் திரும்பி நின்றார்கள். ஒருவரும் கதைக்கவில்லை.