வேலிக்கு அந்தப்பக்கம் விசுவாச மந்திரம்

எங்கள் உபதேசியாரைப் பற்றி யாராவது நல்லபடியாகப் பேசினால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஓமலூருக்கும் மேச்சேரிக்கும் நடுவே ஏழு சின்ன ஊர்களில் கத்தோலிக்க வேதம் அழியாமல் நின்றது அவரால்தானாம். நின்றது, கிழிந்தது. காலில் தோல் செருப்பு, கக்கத்தில் கறுப்புக் குடை, தோளில் மடிப்புக் கலையாத துண்டு. அந்த மடிப்புக்குப் பயந்துகொண்டே மனிதர் எங்கள் ஊர்ப் புழுதியில் கால் வைக்காமல் இருந்தார் என்று நினைக்கிறேன்.

சாமியார் வெள்ளைக்காரர். சேலத்துப் பக்கம் பெரிய கோயிலில் இருந்தார். எங்கள் ஊருக்கு அவருடைய மாட்டுவண்டி வருவது வருடத்துக்கு மூன்று தடவை. வந்தால் இரண்டு நாள் தங்குவார். பூசை, பாவசங்கீர்த்தனம், ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் அந்த இரண்டு நாளில் முடிந்தாக வேண்டும். மீதி நாளெல்லாம் ஏழு ஊரையும் பார்த்துக்கொள்ளத்தான் உபதேசியார். வாரம் ஒருமுறையாவது ஒவ்வோர் ஊருக்கும் நடந்து வந்து செபம் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு மந்திரம் கற்றுக்கொடுக்க வேண்டும். சாகக் கிடப்பவர் காதில், பாவத்துக்கு மன்னிப்புக் கேட்கிற மனஸ்தாப மந்திரத்தை ஓத வேண்டும். எங்கள் ஊருக்கு அவர் மாதம் ஒருமுறை வந்தால் பெரிய விஷயம். வந்தாலும் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் கிளம்பிவிடுவார்.

உண்மையில் ஏழு ஊரையும் சேர்த்துப் பிடித்திருந்தது மேச்சேரிச் சந்தை. ஆட்டுச் சந்தைக்கும் உப்புப் புளிக்கும் வருகிற எங்கள் பெண்கள் ஒரு புளியமரத்தடியில் கூடுவார்கள். எந்த ஊரில் யார் படுத்திருக்கிறார்கள், யாருக்குப் பிரசவம் நெருங்குகிறது, சாமியார் எந்த வாரம் வருகிறார், ஒருவேளை மட்டும் சாப்பிடுகிற ஒருசந்தி நாள் என்றைக்கு என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். மந்திரித்த தண்ணீர் ஒரு சீசாவிலிருந்து இன்னொரு சீசாவுக்குப் போவதும் அங்கேதான். உபதேசியார் சந்தைக்கு வருவார், புளியமரத்தடிக்கு வரமாட்டார். பெண்பிள்ளைகள் பேச்சில் அவருக்கு என்ன இருக்கிறது?

எங்கள் ஊரில் செபம் சொன்னது நான். சேலத்தில் கன்னியர் மடத்துப் பள்ளியில் ஐந்து வருடம் படித்துவிட்டு வந்தவள். புத்தகம் பார்க்காமல் எல்லா மந்திரமும் வரும். பதினைந்து வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் செபக் கொட்டகையில் மண்டிபோட்டு உபதேசியாருக்காகக் காத்துக் காத்துக் கால் கடுத்துப்போனபோது நான் ஆரம்பித்தேன். அன்றிலிருந்து தினமும் பொழுது சாய்கிற நேரத்துக்குச் செபம் என்று ஆகிவிட்டது. உபதேசியாருக்கு இது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டு, வாரம் தவறாமல் வந்து செபம் நடத்தியதாகச் சாமியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் பேசாமல் இருந்தோம். அவர் வராமல் இருந்ததே எங்களுக்கு நிம்மதிதான்.

எனக்குப் பத்தொன்பது வயதில் கல்யாணம் பேசினார்கள். மேட்டூரில் அணை கட்டி முடித்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். மாப்பிள்ளை ஏழு ஊரில் ஒன்றான மேற்கத்தி ஊரைச் சேர்ந்தவர், ஆட்டுக்காரர். கைப்பிள்ளையாக ஞானஸ்நானம் வாங்கியவர்தான். ஆனால் நடக்கத் தெரிந்த நாள் முதல் ஆட்டோடு காடு காடாகச் சுற்றியதில் மந்திரம் ஒன்றும் படியவில்லை. மந்திரம் தெரியாதவருக்குச் சாமியார் கல்யாணம் செய்துவைக்க மாட்டார். தெரியும் என்று உபதேசியார் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அது அந்தக் காலத்துக் கட்டுப்பாடு.

உபதேசியார் அவரைச் சோதித்த லட்சணத்தைக் கேளுங்கள். சந்தையில், ஆட்டு வியாபாரிகள் சுற்றி நிற்க, தரகர்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க, விசுவாச மந்திரம் சொல் என்று நிறுத்திவிட்டார். மூன்றாவது வரியில் அவருக்கு நின்றுபோனது. "ஆட்டோட இருந்து ஆடாவே போயிட்டே. தபசு காலம் முடிஞ்சு பாக்கலாம், போ" என்றாராம் உபதேசியார். வியாபாரிகள் சிரித்தார்களாம்.

தபசு காலம் முடிகிறவரை எங்களால் காத்திருக்க முடியாது. விபூதிப் புதனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாமியார் வருகிறார். அதை விட்டால் தபசு காலம் தொடங்கிவிடும், நாற்பது நாள் கல்யாணம் கிடையாது, அதற்குப் பிறகு சாமியார் வண்டி வர ஆடி ஆகிவிடும். மாப்பிள்ளையின் தாய்மாமன் வேதத்துக்கு வராதவர். அவருக்கு ஒரு பெண் இருந்தது. இந்தத் தடவை நடக்கவில்லையென்றால் என் பெண்ணைக் கட்டு, அம்மன் கோயிலில் மாலை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒற்றைக் காலில் நின்றார். அப்பா உபதேசியார் வீட்டுக்கே போய், மூன்று வாரம் இருக்கிறது, வந்து சொல்லிக்கொடுங்கள் என்று கெஞ்சினார். அந்த மண்டைக்கு ஏறாது என்று சொல்லிவிட்டு உபதேசியார் வெற்றிலை போடப் போய்விட்டார். நடந்து போய்ச் சொல்லிக்கொடுப்பதுதான் அவருடைய வேலை என்பது அவருக்கு நினைவே வரவில்லை.

நான் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் அப்பாவிடம், செபக் கொட்டகையை ஒட்டின நம் காட்டில் போன வருடம் கடலை சரியாக விளையவில்லையே, ஆட்டுப்பட்டி போட்டால் எரு ஏறுமே என்றேன். அறுப்பு முடிந்து காடுகள் வெறுமனே கிடந்த நேரம் அது. அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். "யாரோட ஆடுன்னு நாந்தான் சொல்லோணுமா, நீயே சொல்றயா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மூன்றாம் நாள் மேற்கத்தி ஊர் ஆடுகள் வந்து இறங்கின.

கொட்டகைக்கும் காட்டுக்கும் நடுவில் ஒரு கள்ளி வேலி. கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் முகம் பார்க்கக்கூடாது. பேசினால் இரண்டு வீட்டுக்கும் மானம் போய்விடும். ஆனால் செபத்தைச் சத்தமாகச் சொல்லக்கூடாது என்று எந்தக் கட்டுப்பாடும் இல்லை. அன்றிலிருந்து நான் தொண்டை கிழியச் சொன்னேன். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை, மூன்று தடவை. பரலோக மந்திரம், பிரியதத்த மந்திரம், விசுவாச மந்திரம், பத்துக் கற்பனை, திரும்பவும் முதலிலிருந்து. கால் மணியில் முடிகிற செபம் ஒரு மணி நேரம் ஆனது. ஊரே முழங்காலைத் தடவிக்கொண்டது. முன்னால் உட்கார்கிற பெரியவர் ஒருவர், "ஏம்புள்ள, ஆண்டவருக்குக் காது மந்தமாயிருச்சா?" என்றார். பெண்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர்களும் என்னோடு சேர்ந்து கத்தினார்கள்.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, செபம் முடிந்து எல்லோரும் போனபிறகு கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப்பக்கமிருந்து விசுவாச மந்திரம் வந்தது. ஆட்டைக் கூப்பிடுகிற ராகத்திலேயே, அவசரமில்லாமல், ஒரு வரி விடாமல். நான் விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னால் எனக்கு வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமியார் எங்கள் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் அவர் காதில் என் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, முக்காடு போட்டுப் பெண்கள் பக்கம் மண்டியிட்டிருந்தேன். வாசலில் மாப்பிள்ளையின் மாமன் கையைக் கட்டிக்கொண்டு, கெடுவதற்குக் காத்துக்கொண்டு நின்றார். உபதேசியார் சாமியாருக்குப் பக்கத்தில் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, இவனுக்கு நான் சீட்டுக் கொடுக்கவில்லை என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார். இருக்கட்டும், சொல்லட்டும், கேட்போம் என்றார் சாமியார்.

மாப்பிள்ளை ஆரம்பித்தார். கண்ணை மூடிக்கொண்டு, கைகூப்பிக்கொண்டு, தண்ணீர் ஓடுகிற மாதிரிச் சொன்னார். சிலுவையில் அறையுண்டார், மரித்தார், அடக்கம் செய்யப்பட்டார் என்று வந்தார். நிறுத்தாமல் அதே பக்தியோடு, "ஏய், அவனைக் கிள்ளாதே, கையைக் கட்டு" என்றார். பிறகு பாதாளங்களில் இறங்கி மூன்றாம் நாள் உயிர்த்தெழப் போய்விட்டார்.

அந்த இடத்துக்கு வரும்போதுதான் எங்கள் ஊர் வாண்டுகள் இரண்டும் தினமும் ஒன்றையொன்று கிள்ளிக்கொள்ளும். நானும் தினமும் அங்கே ஓர் அதட்டல் போடுவேன். அதுவும் மந்திரம் என்று மனிதர் சேர்த்துப் படித்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தப் பழைய தமிழில் பாதி எங்களுக்கே விளங்காது, இது மட்டும் மந்திரமில்லை என்று வேலிக்கு அந்தப்பக்கம் நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்?

கொட்டகை சிரித்தது. சாமியாரின் தாடியும் ஆடியது. ஆனால் அவர் விடவில்லை. எல்லா மந்திரத்தையும் சொல்லச் சொன்னார். வேறெங்கும் ஒரு பிழை இல்லை. "மகனே, மிக நன்று. உனக்கு இவற்றைப் போதித்தது யார்?" என்று புத்தகத் தமிழில் கேட்டார்.

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். மூன்று வாரம் பெண் இந்தப்பக்கம், மாப்பிள்ளை அந்தப்பக்கம் என்று வெளியே வந்தால் வாசலில் நிற்கிற மாமனுக்கு அது போதும், எங்கள் மானத்தைச் சந்தையில் ஏலம் போட்டுவிடுவார். சாமியாரும் கறாரானவர். அதற்குள் உபதேசியார் ஓர் அடி முன்னால் வந்தார்.

"நானுங்க சாமி. பசங்க கிள்ளிக்குவாங்க, அதட்டுவனுங்க. அதையும் சேத்துப் புடிச்சுக்கிட்டானுங்க."

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சீட்டுக் கொடுக்கவில்லை என்ற அதே வாய்! மந்திரத்தை எடுத்துக்கொண்டால்கூடப் பரவாயில்லை, என் அதட்டலையுமா ஒரு மனிதர் எடுத்துக்கொள்வார்? சீட்டு ஏன் கொடுக்கவில்லை என்று சாமியார் கேட்டதற்கு, கடைசியாக ஒருமுறை உங்கள் முன்னால் சோதிக்கலாம் என்றுதான் என்று சொல்லிக் குழைந்தார். அவ்வளவு கேவலமான ஜென்மம்.

சாமியார் என் பக்கம் திரும்பினார். கன்னியர் மடத்தில் படித்த பெண் பொய் சொல்ல மாட்டாள் என்று அவருக்கு எண்ணம்.

"நீ சொல். இந்த ஊரில் செபம் நடத்தி எல்லோருக்கும் போதிக்கிறவர் இவர்தானா?"

எனக்குப் பின்னால் இருபது பெண்கள் இருந்தார்கள். என்னோடு தொண்டை கிழியக் கத்தியவர்கள். வாசலில் மாமன். எதிரில் தலை குனிந்து நிற்கிற மாப்பிள்ளை.

"ஆமாங்க சாமி" என்றேன்.

கல்யாணம் நடந்தது. பூசையில் சாமியார் உபதேசியாரை எழுந்து நிற்கச் சொல்லி, ஓர் ஆட்டுக்காரனைக்கூட இப்படித் தேறவைத்தவர் என்று புகழ்ந்து, கழுத்தில் ஒரு பதக்கத்தையும் போட்டார். இனி ஏழு ஊரிலும் இவர்தான் செபம் நடத்த வேண்டும், இவர் அனுமதி இல்லாமல் வேறு யாரும் நடத்தக்கூடாது என்று உத்தரவும் போட்டார். நான் கழுத்தில் புதுத் தாலியோடு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு என்ன வந்தது, நான் மேற்கத்தி ஊருக்குப் போகப்போகிறவள்.

பதக்கம் வந்தபிறகும் உபதேசியார் நடக்கவில்லை. ஆனால் உத்தரவை மட்டும் நன்றாக நடத்தினார். எங்கள் ஊரில் ஒரு பெண் செபம் ஆரம்பித்தாள் என்று தெரிந்ததும், உன் மகளுக்குக் கல்யாணச் சீட்டு எழுத நான்தான் வர வேண்டும், ஞாபகம் வைத்துக்கொள் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். அவ்வளவுதான், அவள் வாய் மூடிக்கொண்டது. இதெல்லாம் சந்தையில் என் காதுக்கும் வரும். நான் புளியமரத்தடியில் உட்கார்ந்து அவரை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். யாரும் எதிர்த்துப் பேசியதில்லை, சேர்ந்து திட்டியதும் இல்லை. அது ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தபோது, வண்டியை விட்டு இறங்கியதும் கொட்டகையைத்தான் பார்த்தேன். உள்ளே கூரை தொடுகிற உயரத்துக்குச் சோளத்தட்டு அடுக்கியிருந்தார்கள். செபம் நின்று ஏழெட்டு மாதமாம். நான் வருவதற்குப் பத்து நாள் முன்னால் எங்கள் அத்தை, அப்பாவின் அக்கா, செத்துப்போயிருந்தார். இரண்டு நாள் இழுத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். காதில் மனஸ்தாப மந்திரம் சொல்லுங்கள் என்று கையைப் பிடித்துப் பிடித்துக் கேட்டிருக்கிறார். உபதேசியாருக்கு ஆள் போயிற்று. வெயில் தாழட்டும், வருகிறேன் என்று சொன்னாராம். அவர் குடையோடு வந்து சேர்ந்தபோது அத்தையைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி என்றும் பார்க்காமல் நின்ற இடத்தில் நின்று உபதேசியாரைக் கிழித்தேன். செருப்பு, குடை, பதக்கம் ஒன்றையும் விடவில்லை. அம்மா அடுப்பில் சுள்ளி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் திரும்பிப் பார்த்தார்.

"அந்த மந்திரம் எனக்குத் தெரியும் கண்ணு. நீ சொல்லிக் குடுத்ததுதான். அத்தை பக்கத்துலயே நாலு பேரு உக்காந்திருந்தம், நாலு பேருக்கும் தெரியும். ஆனா இந்த ஊருக்கு எல்லாம் அவருதான்னு சாமி முன்னால நீதானே சொன்னே? அப்பறம் நாங்க எப்படி வாயத் தொறக்கறது?"

சொல்லிவிட்டு அம்மா மறுபடி அடுப்பை ஊதத் திரும்பினார்.