எரியாத உள்ளங்கால்

கொல்லிமலையில் எங்கள் காட்டில் விளையும் மிளகை நான்தான் மிதிப்பேன். பறித்த கொத்துகளைச் சாக்கில் கட்டி ஒரு நாள் வைத்திருந்து, பிறகு தார்ப்பாயில் கொட்டி வெறுங்காலால் மிதித்தால் மணி தனியே, காம்பு தனியே உதிரும். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கால் தீயாய் எரியும். மோர் ஊற்றிக் கழுவிக்கொண்டு முனகியபடி உட்கார்ந்திருப்பேன்.

எனக்குச் சர்க்கரை வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மாத்திரையை நினைத்தால் போடுவேன், மறந்தால் விட்டுவிடுவேன். போன தை மாதம் மிதித்தபோது கால் எரியவே இல்லை. மிதித்து மிதித்துக் காய்த்துப்போய்விட்டது என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா? கூட மிதிக்க வந்த பக்கத்துக் காட்டுப் பெண்களிடம் பீற்றிக்கொண்டேன். அவர்கள் அரை மணியில் கால் கழுவப் போனபோது, மலையில் பிறந்தவளுக்கு மிளகு எரிக்குமா என்று கேட்டுச் சிரித்தேன். பொழுது சாயும்வரை நான் மட்டும் மிதித்தேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

நாலாம் நாள் தார்ப்பாயில் சிவப்பாய் ஒரு தடத்தை என் வீட்டுக்காரர் பார்த்தார். பழுத்த மிளகின் தோலாக இருக்கும் என்றேன். அவர் கேட்கவில்லை. என்னை உட்காரவைத்துக் காலைத் திருப்பினார். நடுவிரலுக்குக் கீழே, சாக்கு கட்டும் கம்பித் துண்டு ஒன்று முழுசாக ஏறியிருந்தது. சுற்றிலும் சீழ். எத்தனை நாளாய் அதன்மேல் நடந்தேனோ, எனக்கே தெரியாது.

சுகாதார நிலையத்து நர்ஸம்மா கீழ்நாட்டுக்காரர், சமவெளியிலிருந்து வந்தவர். அவர் கம்பியை எடுத்துவிட்டுக் குதிகாலில் ஊசிமுனையால் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் தெரியவில்லை என்றேன்.

“காய்ச்சுப் போகலீங்கம்மா. உணர்ச்சி போயிருச்சு. விரலோட நிக்குமா, காலையே எடுக்கணுமான்னு நாமக்கல்ல பாத்துத்தாஞ் சொல்லுவாங்க.”

அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும் பஸ்ஸில், துண்டு சுற்றிய கால் வீட்டுக்காரர் மடியில் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. முகத்துக்குக் கண்ணாடி பார்த்திருக்கிறேன், முடிக்கு எண்ணெய் வைத்திருக்கிறேன். காலுக்கு மஞ்சள் பூசினாலும் மேல்பாதத்தோடு சரி. வயிற்றில் பிள்ளையும் தலையில் மரவள்ளிக்கிழங்கு மூட்டையுமாக இந்த மலையெல்லாம் என்னை ஏற்றி இறக்கியது அடிப்பாதம்தான். அதை ஒருநாள்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை. எரிந்தபோது சபித்திருக்கிறேன். எரியாமல் போனபோது பெருமைப்பட்டிருக்கிறேன்.

நடுவிரலோடு போயிற்று. கால் தப்பியது. புண் ஆற இரண்டு மாதம் பிடித்தது. போன உணர்ச்சி திரும்பாது, தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். என்னால் குனிந்து பார்க்க முடியாது. அதனால் சாயங்காலமானால் வீட்டுக்காரர் என் காலை மடியில் வைத்து, விரலிடுக்கு விடாமல் பார்ப்பார். முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது நானே நீட்டிவிடுகிறேன்.

இந்தத் தையில் மிளகை அவர்தான் மிதித்தார். நான் செருப்புப் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்திலேயே இறங்கி வந்துவிட்டார்.

“எரியுது புள்ள. மோரு கொண்டா.”

ஊற்றினேன். கால் விரல்களை மடக்கி, விரித்து, பல்லைக் கடித்தார். பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. பரிதாபம் இல்லை, பொறாமை.

“ரொம்ப எரியுதுங்களா?”

“உசுரு போவுது.”

இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். அவர் தன் பாதத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு, அதே ஈரக்கையால் என் செருப்பைக் கழற்றி, காலை மடிக்கு இழுத்து வழக்கம்போலத் தடவிப் பார்த்தார். அந்தக் கையில் மிளகுக் காரம் இருந்திருக்கும். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.