பாத்திமா அக்காவின் லாகின்

பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. இன்று முதல் எங்கள் டெஸ்டிங் சாஃப்ட்வேருக்குத் தனி பாஸ்வேர்டு கிடையாது. கம்பெனி நெட்வொர்க்கின் டொமைன் என்கிற பயனர் பட்டியலில் பெயர் இருந்தால்தான் உள்ளே விடும். மாற்றியவன் நான்தான்.

காலையிலேயே பாத்திமா அக்கா வந்து நின்றார். ஒன்பது வருடமாகப் பம்புகளைச் சோதித்து அந்த சாஃப்ட்வேரில் பதிவு செய்கிறவர்.

"ஏனுங்க தம்பி, என்ற பேரைப் போட்டா அப்படி ஆளே இல்லைன்னு வருதுங்க."

தேடிப் பார்த்தேன். இல்லை. எச்.ஆருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன்.

"அவங்க காண்ட்ராக்டுங்க. கம்பெனி ஆளுங்களுக்குத்தான் டொமைன்ல பேரு."

ஸ்பீக்கரை அணைப்பதற்குள் அக்கா கேட்டுவிட்டார்.

"நானும் கம்பெனி ஆளுன்னுதான் நெனச்சுட்டு இருந்தனுங்க" என்றார். கிளம்பும்போது, "உடுங்க கண்ணு, நீங்க என்ன பண்ணுவீங்க."

மதியத்துக்குள் மேலிடத்திலிருந்து ஒரு வழி சொல்லிவிட்டார்கள். சூப்பர்வைசர் தன் பெயரில் லாகின் செய்கிறார். அக்கா பக்கத்தில் நின்று ரீடிங் சொல்கிறார். அக்கா சோதிக்கும் பம்புகளெல்லாம் இனி சூப்பர்வைசர் சோதித்தவை.

சாயங்காலம் மேனேஜரிடமிருந்து மெயில் வந்தது: எல்லாப் பயனர்களும் வெற்றிகரமாக டொமைனுக்கு மாறிவிட்டார்களாம், எனக்கு வாழ்த்துகளாம்.

மூன்று முறை 'நன்றி' என்று அடித்து அழித்துவிட்டேன். நீங்களாக இருந்தால் என்ன பதில் போடுவீர்கள்?