ஏரிக்குள் போட்ட பட்டி

ஏரியூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மேற்கே மேட்டுக்காட்டில் சோலார் தகடுகள் வந்தபோது, வாய்க்கு வந்தபடி திட்டியவள் நான். என் வாய்க்கு ஊரில் நல்ல பெயர் கிடையாது. இன்றைக்கு அந்தக் கம்பிவேலிப் பக்கம் போனால் நின்று ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது. எல்லாம் எங்கள் ஏரியால்தான்.

சோலார் வந்த மறு வருஷம் ஏரியைத் தூர் வாரினார்கள். சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்கினார்கள், அதுவரைக்கும் சரி. அப்புறம் வயலில் கொட்டும் வண்டலுக்கு ஆளுக்கொரு டிராக்டர் வந்து நின்றது. வண்டல் என்றால் எங்கள் சனத்துக்குக் கண் தெரியாது. அடியில் தண்ணீரைத் தாங்கிப் பிடித்திருந்த களிமண்ணையும் சேர்த்து அள்ளி, சரளைக்கல் மொரம்பு தெரிந்த பிறகுதான் பொக்லைனை நிறுத்தினார்கள். அந்த மழைக்கு ஏரி நிறைந்தது. ஊரே போய்ப் பார்த்தது. அடுத்த வாரம் போனால் சல்லடையில் ஊற்றியதுபோல அத்தனையும் கீழே இறங்கியிருந்தது.

மடைக்குக் கீழே முதல் வயல் எங்களுடையது. கிணறு கிடையாது, போர்வெல்லும் கிடையாது. ஏரியில் தண்ணீர் நின்றால்தான் எங்களுக்கு நெல்.

“இந்தப் பொரட்டாசிக்கும் நிக்கலைன்னா வயல சோலாருக்கே குத்தகைக்கு வுட்டுடலாம். எத்தினி நாளைக்கு வானத்தப் பாத்துட்டு ஒக்காந்திருக்கறது?” என்றார் என் வீட்டுக்காரர். கம்பெனிக்காரரிடமும் வாக்குக் கொடுத்துவிட்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் நட்ட வயல் அது. அதை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார எனக்குத் தெரியாது.

சோலாரில் ஒரு சூப்பர்வைசர் இருந்தார், கம்பைநல்லூர்ப் பக்கத்துக்காரர். தகடுகளுக்கு அடியில் புல் காய்ந்தால் தீப்பிடிக்கும் என்று, கன்னடம் பேசும் ஒரு ஆட்டுக்காரரின் செம்மறிகளைப் பகலில் உள்ளே மேய விட்டார். வெள்ளாட்டுக்கு அனுமதி இல்லை; அது தகட்டு மேலேயே ஏறி நின்றுகொள்ளும். இரவில் அந்தச் செம்மறிகளை முறை வைத்து ஊர் வயல்களில் பட்டி அடைப்பார்கள். விழுகிற புழுக்கைதான் அந்த வருஷத்து எரு. பட்டி முறைக்காக எங்கள் ஊரில் அடிதடியே நடந்திருக்கிறது.

ஒருநாள் நான் சூப்பர்வைசரிடம் சண்டைக்குப் போனேன். தகடுகளில் இருந்து வழியும் மழைத் தண்ணீர் எங்கள் வயலுக்குப் போகும் தடத்தை அரித்துக்கொண்டிருந்தது. அவர் முழுக்கக் கேட்டார்.

“வாய்க்கா வெட்டி அந்தத் தண்ணிய ஏரிக்கே திருப்பிடறங்க. ஆனா அங்க நிக்கணுமே. களிமண்ணு கொட்டி ஆட்டுக்கால் ரோலர் ஓட்டுனா கெட்டியாயிடும். அந்த வண்டி வேற சைட்டுக்குப் போயிடுச்சுங்க.”

அந்த உருளை முழுக்க ஆட்டுக் குளம்புபோல இரும்புக் கட்டைகள் துருத்திக்கொண்டிருக்குமாம். அதுதான் மண்ணை மிதித்து இறுக்குமாம்.

“ஆடே இங்க மேயுதுங்களே. கால மட்டும் எதுக்குங்க வேற ஊருல தேடறீங்க?” என்றேன். கிண்டலுக்குத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நேரே ஆட்டுக்காரரிடம் போனார்.

“முறைக்காரங்க வுட்டுக் குடுத்தா பட்டிய ஏரிக்குள்ளயே அடைச்சுடலாம்மா” என்றார் ஆட்டுக்காரர். ஒரு வருஷத்து எருவை யார் ஏரிக்குள் விடுவார்கள்? நான் நம்பவே இல்லை.

முதலில் விட்டுக் கொடுத்தவள் பக்கத்து வயல்காரி. வரப்புத் தகராறில் என்னோடு பேச்சை நிறுத்தியவள். அவளுக்குப் போர்வெல் தண்ணீர் இருக்கிறது. ஏரி நிறைந்தாலும் காய்ந்தாலும் ஒன்றுதான்.

“எம் முறைய ஏரிக்கு வெச்சுக்கங்க” என்று ஆட்டுக்காரரிடம் சொன்னாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. இப்படிப்பட்டவளிடமா ஒரு முழம் வரப்புக்கு மல்லுக்கு நின்றேன் என்று இருந்தது.

அவள் விட்ட பிறகு மற்றவர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒவ்வொரு வீடாக விட்டார்கள். டிராக்டரில் அள்ளிப்போய் வரப்போரம் குவித்திருந்த களிமண்ணைத் திருப்பிக் கொண்டுவந்து கொட்டினார்கள். தகடு கழுவ வரும் டேங்கரை அனுப்பி அதை நனைத்துக் கொடுத்தார் சூப்பர்வைசர். பட்டியை இடம் மாற்றி மாற்றி அடைத்தார்கள். செம்மறிகள் களிமண்ணைப் புழுக்கையோடு சேர்த்து மிதி மிதியென்று மிதித்தன. ஏரி முழுக்க ஆட்டு நாற்றம். நான் மூக்கு நிறைய இழுத்துக்கொண்டேன்.

புரட்டாசி மழை பெய்தது. தகடுகளின் தண்ணீர் புது வாய்க்காலில் ஏரிக்கு ஓடியது. மழை விட்டுப் பல நாளாகியும் ஏரி இறங்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு மட்டும் அது நிற்கும் என்று நம்பிக்கை வரவில்லை. சொன்ன வாக்குப்படி குத்தகைக்குக் கையெழுத்துப் போட வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

“போற வழியில மடையத் தெறந்துதான் பாருங்களேன்” என்றேன்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். வேட்டி முட்டிவரை நனைந்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

“மம்பட்டி எங்க வெச்ச?” என்றார்.