ஆட்டத்தை யார் திறப்பது

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்பார்கள். எப்பேர்ப்பட்ட கையிலும் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க ஒரு பாழாய்ப்போன கம்ப்யூட்டர் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

எல்லாம் தம்பிக்காகத்தான். தொலைவில் வேறொரு ஊரில் தனியாக இருக்கிறான். வேலை போய், கட்டியவளும் விட்டுப் போனபிறகு வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டான். சாப்பிட்டாயா என்றால் ‘ம்’. தூங்கினாயா என்றாலும் அதே ‘ம்’. போன வாரம் எரிச்சல் தாங்காமல், சின்ன வயதில் இருவரும் மல்லுக்கு நின்ற அந்தக் கோட்டைச் சண்டை விளையாட்டை மறுபடி ஆடலாமா என்று கேட்டுவைத்தாள். ஆடலாம் என்றான். அவனிடமிருந்து முழுசாக ஒரு வார்த்தை வந்ததே என்று அவள் போனைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

விளையாட்டோ அந்தக் காலத்தது. அதை விற்ற கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. ஒரே வீட்டுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களை மட்டும்தான் அது சேர்த்துவைக்கும். இரண்டு ஊரும் ஒரே வீடுதான் என்று அதை நம்பவைக்க வி.பி.என். என்கிற மென்பொருள் வேண்டும். போட்டாள். அவனும் போட்டான். இரண்டு பெயருக்கும் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் விளையாட்டுக்குள் போய்ப் பார்த்தால், சேர்ந்துகொள்வதற்கு ஓர் ஆட்டமும் தென்படவில்லை.

ஃபயர்வாலை அணைத்தாள். வி.பி.என்னை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். ஒயரைப் பிடுங்கி மாட்டிப் பாரேன் என்று யோசனை சொல்ல வந்த கணவர், அவள் பார்த்த பார்வையில் துணி காயப்போட மாடிக்குப் போய்விட்டார். போனில் தம்பி, வரல, வரல என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் அவனுக்கும் அலுத்துவிட்டது.

“விடுக்கா. எனக்கு எதுதான் ஒழுங்கா நடந்திருக்கு?”

இன்றைக்கு விட்டால் இவன் மறுபடி வாயைத் திறக்கப்போவதில்லை.

“இருடா. நீ ஆரம்பிச்ச ஆட்டம் என் பக்கம் தெரியலை. என்ன பேர் வச்சிருக்க?”

“நான் எதுக்கு ஆரம்பிக்கணும்? நீதானே ஆரம்பிக்கணும்?”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அவர்கள் வீட்டுச் சட்டம் அது. முந்தைய ஆட்டத்தில் தோற்றவர்தான் புது ஆட்டத்தைத் திறந்துவைத்துக் காத்திருக்க வேண்டும். ஜெயித்தவர் பந்தாவாக உள்ளே வருவார். இருபது வருடத்துக்கு முந்தைய கடைசி ஆட்டத்தில் தானே ஜெயித்ததாக இருவரும் நினைத்துக்கொண்டு, மற்றவர் திறப்பார் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். வி.பி.என். பாவம், அதை இவ்வளவு நேரம் திட்டித் தீர்த்தாயிற்று.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தன் குதிரைப்படை அவன் கோட்டைக் கதவை உடைத்ததையும், அவன் கீபோர்டைத் தூக்கிப் போட்டதையும் எடுத்துவிட்டாள். அதற்கு முன்பே அவள் ராஜாவைத் தான் பிடித்துவிட்டதாகவும், அவள் எப்போதும் அழுகுணி ஆட்டம்தான் ஆடுவாள் என்றும் அவன் கத்தினான். மூச்சுவிடாமல் பேசினான். அவளும் சளைக்கவில்லை. ஜெயித்தவன் எதற்குக் கீபோர்டைத் தூக்கிப் போட்டு அப்பாவிடம் அடி வாங்கினான் என்று கேட்டாள். அதில் அவன் குரல் இறங்கிவிட்டது.

“வேலை போச்சு. அவளும் போயிட்டா,” என்றான். “அந்த ஒரு ஆட்டத்தையாவது நான் ஜெயிச்சதா இருக்கட்டுமேக்கா.”

நாக்கு நுனிவரை வந்த பதிலை அவள் விழுங்கினாள். கதவு உடைந்தது உண்மை. அது அவனுக்கும் தெரியும்.

“ஆமாடா. தோத்தது நான்தான்,” என்று சொல்லிவிட்டு ஆட்டத்தைத் திறந்தாள்.

அவன் பெயர் அவள் பெயருக்குக் கீழே வந்து நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மௌஸைப் பிடித்தாள். இந்த முறை அவனை விடுவதாக இல்லை.