ஃபிளெக்ஸில் மிஞ்சிய கை

நாங்கள் இரண்டு பெண்கள். அவள் தாளம் அமைப்பாள். நான் சின்தசைசரில் மெட்டுப் போடுவேன். சரவணம்பட்டியில் கல்லூரி படிக்கும்போது ஆரம்பித்தது. பிறகு துடியலூரில் மாவு மில்லுக்கு மேலே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல் எங்கள் எலக்ட்ரானிக் இசையை நாங்களே இணையத்தில் போட்டோம். மெக்சிகோவில் யாரோ அதற்கு ஆடி வீடியோ எடுத்தார்கள். ஜப்பானிலிருந்து நீள நீளமாக எழுதினார்கள். போன வருடம் ஐரோப்பாவில் சில ஊர்களில் வாசித்துவிட்டு வந்தோம்.

வந்ததும் அவளுடைய பெரியப்பா காரமடையில் மண்டபம் பிடித்துப் பாராட்டு விழா வைத்தார். அங்கே நாங்கள் இருவரும் வாசிப்பதாக ஏற்பாடு. தோட்டமும் நூல் மில்லும் உள்ள குடும்பம். என் அப்பா கல்லூரிப் பேருந்து ஓட்டுகிறவர். தாத்தா அப்படிப்பட்ட தோட்டங்களில் கூலிக்குப் போனவர். எங்கள் சாதி அவர்களுக்குத் தெரியும்.

மண்டப வாசலில் பெரிய ஃபிளெக்ஸ். 'உலகம் போற்றும் எங்கள் வீட்டுச் செல்வம்.' பெர்லின் மேடையில் இருவரும் சேர்ந்து நின்ற படம். என்னை வெட்டியிருந்தார்கள். அவள் தோளில் என் கை மட்டும் மணிக்கட்டு வரை அப்படியே இருந்தது.

பெரியப்பா கும்பிட்டபடி வந்தார். "வாங்க அம்மணி, சாப்பிட்டீங்களா?"

"ஏனுங்க, என்ற படம் எங்கீங்க?"

"எடம் பத்தலீங்க. பிரிண்ட் பண்றவன் வெட்டிப்போட்டான். தப்பா நெனைச்சுக்காதீங்க."

உடம்பெல்லாம் எரிந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். இவ்வளவு மரியாதையாக ஒதுக்கிவைக்கிறவரிடம் என்ன பேசுவது?

மேடைக்குப் பின்னால் அவளைப் பிடித்து நிறுத்தினேன். "வாசல்ல பாத்தியா?"

"பாத்தேன். இன்னைக்கு ஒரு நாள் விட்டுரு. சொந்தக்காரங்க எல்லாரும் வந்திருக்காங்க. அப்பறமா நான் பேசிக்கறேன்."

"உன்ற சொந்தக்காரங்க," என்றேன்.

என் சின்தசைசரின் ஒயர்களைப் பிடுங்கி, எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு வெளியேறினேன். பஸ்ஸுக்காக நிற்கும்போது அவள் வாசிப்பது கேட்டது. மெட்டே இல்லாமல் வெறும் தாளம். முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். எது இல்லை என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தக் கைதட்டலை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

மறுநாள் கண் வீங்கி அறைக்கு வந்தாள். பெரியப்பாவிடம் சண்டை போட்டாளாம். "நல்ல புள்ளதான் கண்ணு, ஆனா நம்ம விசேசத்துல..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டாராம்.

"மீதியையும் நீ கேட்டிருக்கோணும்."

அழுதாள். நான் சமாதானப்படுத்தவில்லை.

அன்றே முழுப் படத்தையும் எங்கள் இணையப் பக்கத்தில் போட்டு, நடந்ததை, தான் வாய் மூடி வாசித்ததையும் சேர்த்து, எழுதினாள். உலகமெங்கும் இருந்து இதயங்கள் குவிந்தன. அவள் வீட்டில் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அந்த இதயங்களைப் பார்த்தும் ஆத்திரம்தான் வந்தது. மண்டபத்தில் இருந்தவர்களில் ஒருவர்கூட என்னைக் கூப்பிடவில்லை.

இப்போது அடுத்த ஆல்பத்தை முடித்துக்கொண்டிருக்கிறோம். வேலை நேரத்தில் நன்றாகவே பேசிக்கொள்கிறோம். அவளை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. அது அவளுக்கும் தெரியும்.