போர்வெல் வீட்டில் பூ ஆர்டர்

திண்டுக்கல்லில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, ஒற்றை அறையில், வெப்சைட் செய்து கொடுக்கும் தொழில் நடத்துகிறேன். அதற்கு முன் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தேன். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இன்றும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கல்யாண மண்டபம், விதைக்கடை, பிரியாணிக் கடை என்று யார் வந்தாலும் செய்வேன். தனி ஆள் என்பதால் ஒவ்வொன்றையும் புதிதாகத் தொடங்குவதில்லை. அளவுச் சட்டையை வைத்துத் தையல்காரர் வெட்டுவது மாதிரி, முன்பு செய்த ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்து, படத்தையும் நிறத்தையும் எழுத்தையும் மாற்றிக்கொள்வேன்.

இரண்டு வருடத்துக்கு முன், குஜிலியம்பாறை பக்கம் போர்வெல் வண்டி வைத்திருக்கும் ஒருவருக்கு ஒரு பக்கம் செய்தேன். அவர் வண்டியோடு ஊர் ஊராகப் போய்விடுவார். அதனால் வீட்டில் இருக்கும் மனைவியின் போன் நம்பரைப் போடச் சொன்னார். அடுத்த மாதம் நிலக்கோட்டையிலிருந்து பூ மொத்த வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவர் வந்தார். போர்வெல் பக்கத்தையே பிரதி எடுத்தேன். பாறையைத் துளைக்கும் படம் போய் மல்லிகைக் குவியல் வந்தது. நம்பரையும் மாற்றினேன். மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

ஒரு வாரம் போயிருக்கும். போர்வெல் வீட்டு அக்கா கூப்பிட்டார். அதுவரை நாங்கள் பேசியதே இல்லை.

"ஏம்மா, எங்க நம்பர்ல பூக்கடை எதுவும் போட்டுருக்கீங்களா?"

"பூக்கடையா அக்கா?"

"ஆமா. மல்லிகை இருக்கா, பிச்சி இருக்கான்னு ஒரே போனு. நம்பர் எங்க கெடச்சுச்சுன்னு கேட்டா வெப்சைட்டுங்கிறாங்க. அந்தப் பக்கத்தப் போய்ப் பாத்தேன். அடியில உங்க கம்பெனி பேரு போட்டிருக்கு."

என் போனில் பூக்கடைப் பக்கத்தைத் திறந்தேன். எழுதியிருந்த நம்பர் சரியாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே 'அழைக்க' என்று ஒரு பொத்தான். அதைத் தொட்டால் எந்த நம்பருக்குப் போக வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே எழுதப்பட்டிருக்கும். அங்கே போர்வெல் வீட்டு நம்பர் அப்படியே இருந்தது. மூன்று முறை படித்தவள் ஒரு முறைகூட அந்தப் பொத்தானைத் தொட்டுப் பார்க்கவில்லை.

"என் தப்புதான் அக்கா. மன்னிச்சிருங்க. ரொம்பத் தொந்தரவாயிருச்சு."

"தொந்தரவெல்லாம் இல்லம்மா. மொத ரெண்டு பேருக்கு ராங் நம்பர்னு சொல்லிட்டேன். மூணாவதா ஒரு அம்மா. மகளுக்குக் கல்யாணம், இன்னும் பூவுக்குச் சொல்லலன்னு ஒரே பதட்டம். போன வைக்க மனசு வரல. எழுதிக்கிட்டேன். அதுக்கப்புறம் கூப்பிட்டவங்களையும் எழுதி வச்சிருக்கேன். கடைக்காரர்ட்ட சேத்துருங்க. அந்தக் கல்யாணம் நாளைக் கழிச்சு."

நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். பதினோரு பேர். என்ன பூ, உதிரியா கட்டினதா, எந்தத் தேதி, எந்த ஊர் பஸ்ஸில் போட வேண்டும், பஸ் ஸ்டாண்டில் யார் வந்து எடுப்பார்கள் என்று வரிசையாக எழுதியிருந்தார்.

பொத்தானைச் சரிசெய்துவிட்டு நிலக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். போனில் சொல்லித் தப்பிக்க மனம் ஒப்பவில்லை. பூக்கடை அண்ணன் மார்க்கெட்டில் தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப கூப்பிட்டாங்களா?" என்றார், முகம் மலர்ந்து. "ஒருத்தரும் கூப்பிடல, இத டீச்சர்ட்ட எப்படிச் சொல்றதுன்னு நானே யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

என் போனை வாங்கி, நோட்டுப் பக்கத்தை விரலால் பெரிதாக்கிப் படித்தார். "யாரு டீச்சர் இந்தம்மா? எந்த பஸ்ஸுன்னு மொதக்கொண்டு கேட்டுருக்காங்க. செல நேரம் நானே மறந்துருவேன்." அங்கேயே நின்று பதினோரு பேரையும் கூப்பிட்டார். கல்யாண வீட்டுக்கு முதல் அழைப்பு. அவர்களுக்கான பூக்கூடை சொன்ன நாளில் சொன்ன பஸ்ஸில் போய்ச் சேர்ந்தது.

விஷயம் அதோடு முடிந்தது என்று இருந்தேன். பத்து நாளில் அண்ணனிடமிருந்து போன். "காலையில இந்தச் சத்தத்துல போனே எடுக்க முடியல டீச்சர். கூப்பிட்டவங்க கோவிச்சுக்கிறாங்க. அந்தம்மாவே பேசி எழுதித் தருவாங்களா? கேட்டுச் சொல்லுங்க. சம்பளம் குடுத்துருவோம்."

தயங்கித் தயங்கித்தான் அக்காவிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"எங்க நம்பருக்கு யாரும்மா சந்தோசமா கூப்பிடுறாங்க? கெணறு வத்திருச்சு, போட்ட போர்ல தண்ணி வரலன்னு எல்லாரும் நொந்து போயித்தான் பேசுவாங்க. பூ கேக்குறவங்க கல்யாணம், காதுகுத்துன்னு சிரிச்சுக்கிட்டே பேசுறாங்க. நீங்க பொத்தான மாத்துன பெறகு எனக்கு வீடே சப்புனு போச்சு." பிறகு, "என் பொறந்த வீடு நிலக்கோட்டை பக்கந்தான். மல்லிகை பறிச்சுக் குடுத்துட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன். அவருட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார்.

அவர் கணவர் மறுப்புச் சொல்லவில்லை. இரண்டும் கலந்துவிடக் கூடாதென்று பூவுக்கு ஒரு புது சிம் வாங்கிக் கொடுத்தார். அந்த நம்பரைப் பக்கத்திலும் பொத்தானுக்கு உள்ளேயும் போட்டேன். இன்றுவரை அக்காதான் பூக்கடையின் குரல். கடையை இரண்டு முறைதான் நேரில் பார்த்திருக்கிறார்.

எனக்கும் அவ்வப்போது திருத்தம் சொல்வார். "டெலிவரி உண்டுன்னு போட்டுருக்கீங்க. வீட்டுக்கே வந்து குடுப்பாங்கன்னு நெனச்சுக்கிறாங்கம்மா. பஸ்ல போட்டு விடுவோம்னு எழுதுங்க." அப்படியே எழுதினேன். அதன் பிறகு அந்தக் குழப்பம் வரவில்லை. நான் அழகாக இருக்கிறது என்று நினைத்து வைத்த பாதி வாக்கியங்கள் அக்காவின் கையால் குறைந்திருக்கின்றன. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

இப்போதெல்லாம் எந்தப் பக்கத்தையும் கொடுப்பதற்கு முன் எல்லாப் பொத்தானையும் நானே தொட்டுப் பார்க்கிறேன். போன வாரம் ஒரு பல் டாக்டரின் பக்கத்தில் 'அழைக்க' என்பதைத் தொட்டேன். டாக்டரே எடுத்து, "சொல்லுங்க, எந்தப் பல்லு?" என்றார்.

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு டாக்டர்," என்றேன். "பொத்தானும் நல்லா இருக்கு."